நாகலூர் ரூட் சேலத்தில் ஏன் தெரியவில்லை: ஓஎஸ்பிஎஃப் ஏரியாக்கள் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

ஏற்காட்டைத் தாண்டி நாகலூரில் ஒரு காப்பித் தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோட்டத்தின் அலுவலகம் ஏற்காட்டில் ஒண்டிக்கடை அருகே இருக்கிறது. கணக்கு சர்வர் சேலம் ஐந்து ரோட்டில் இருக்கிறது. காப்பிக்கொட்டையும் மிளகும் வந்து இறங்கும் கிடங்கு செவ்வாய்பேட்டையில் இருக்கிறது. நான்கு இடங்களிலும் ஒவ்வொரு ரூட்டர் வைத்து, நான்கிலும் ஓஎஸ்பிஎஃப் போட்டாகிவிட்டது. ஆனால் நாகலூர் எடை மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியில் சேலத்துக் கணக்கு சர்வர் திறக்கவில்லை. நாகலூர் ரூட்டருக்குள் நுழைந்து அங்கிருந்தே சர்வரைப் பிங் செய்து பார்த்தால், ஐந்து பிங்குக்கும் ஐந்து பதில் வருகிறது. "லைன் நன்றாக இருக்கிறது சார், கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு" என்று பலரும் தீர்ப்புச் சொல்லிவிடும் இடம் இதுதான். அந்தத் தீர்ப்பு தவறானது. கணினியில் ஒரு கோளாறும் இல்லை. நாகலூருக்குத் திரும்பி வரும் வழி சேலத்து ரூட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அது ஏன் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, ஓஎஸ்பிஎஃப் ஏரியாக்களை எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஓஎஸ்பிஎஃப் என்பது ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழிகளைத் தாமே கண்டுகொள்ளும் ஒரு முறை. இன்று ஐபி பதிப்பு 4 முகவரிகளுக்குப் புழக்கத்தில் இருக்கும் அதன் இரண்டாம் பதிப்பை, ஜான் மாய் எழுதி 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2328 என்ற இணையத் தர ஆவணம் வரையறுக்கிறது. ஒவ்வொரு ரூட்டரும் "நான் இன்னார், என்னோடு இணைந்திருப்பவை இவை, ஒவ்வொன்றுக்கும் செலவு இவ்வளவு" என்று ஓர் அறிவிப்பை எழுதிச் சுற்றுக்கு விடுகிறது. இந்த அறிவிப்புக்கு எல்எஸ்ஏ என்று பெயர். எல்லாருடைய எல்எஸ்ஏக்களும் எல்லாரிடமும் வந்து சேர்ந்தபின், ஒவ்வொரு ரூட்டரும் தன்னிடமுள்ள டேட்டாபேஸை ஒரு வரைபடமாக விரித்து, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறுக்குவழிக் கணக்கை அதில் ஓட்டி, மிகக் குறைந்த செலவில் எங்கே எப்படிப் போகலாம் என்று தானே முடிவு செய்துகொள்கிறது. இங்கே யாரும் யாருக்கும் வழி சொல்வதில்லை. எல்லார் கையிலும் ஒரே வரைபடம் இருக்கிறது.

ரூட்டர்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது இந்த ஏற்பாடு கனத்துப்போகிறது. எங்கோ ஒரு கேபிள் அறுந்தாலும் எல்லா ரூட்டரும் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். அதனால்தான் வலையமைப்பை ஏரியாக்களாகப் பிரிக்கிறார்கள். ஓர் ஏரியாவுக்குள் இருப்பவர்களிடம் மட்டுமே அந்த ஏரியாவின் முழு வரைபடம் இருக்கும். வெளியே இருப்பவர்களுக்குச் சுருக்கமான சேதி மட்டும் போகும். நம் தோட்டத்தில் இருப்பது நான்கே ரூட்டர்கள் என்பதால் உண்மையில் ஏரியா பிரிக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. ஆனாலும் பாடப்புத்தகத்தில் படித்ததை எங்காவது செய்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் பிரித்துவிடுகிறார்கள், பிறகு இரவில் உட்கார்ந்து ரூட் தேடுகிறார்கள்.

வரைபடமும் வாய்ச்சொல்லும்

இந்தக் கட்டுரையில் மனத்தில் நிறுத்த வேண்டிய வேறுபாடு இதுதான்: ஏரியாவுக்குள் ரூட்டர்கள் வரைபடத்தை நம்புகின்றன, ஏரியாவுக்கு வெளியே உள்ளவற்றுக்கு வாய்ச்சொல்லை நம்புகின்றன. செவ்வாய்பேட்டைக்காரருக்குத் தன் பேட்டையின் ஒவ்வொரு சந்தும் தெரியும், எந்தச் சந்து அடைபட்டாலும் எந்த வழியாகச் சுற்றலாம் என்று அவரே சொல்லிவிடுவார். மலைக்கு மேலே எந்தத் தோட்டத்துக்கு எந்தப் பாதை பிரிகிறது என்பது அவருக்குத் தெரியாது. அதை விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஓஎஸ்பிஎஃப்பில் அந்த விவரம் தெரிந்தவர், இரண்டு ஏரியாக்களில் கால் வைத்திருக்கும் எல்லை ரூட்டர், அதாவது ஏபிஆர். ஓர் ஏரியாவின் வரைபடத்தை அவர் அடுத்த ஏரியாவுக்குள் கொண்டுபோவதில்லை. "இந்த நெட்வொர்க்குக்கு என் வழியாகப் போகலாம், செலவு இவ்வளவு" என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வரிக்குத்தான் மூன்றாம் வகை எல்எஸ்ஏ என்று பெயர். சிஸ்கோ ரூட்டர்களின் ரூட்டிங் டேபிளில் ஓ என்ற எழுத்தோடு ஐஏ என்று சேர்ந்து தெரியும் ரூட்கள் இப்படி வந்தவையே.

வாய்ச்சொல்லில் ஓர் ஆபத்து உண்டு. நான் உங்களிடம் சொன்னதை நீங்கள் இன்னொருவரிடம் சொல்ல, அவர் அதையே புதுச் செய்தி போல என்னிடம் திருப்பிச் சொன்னால், நான் அதை நம்பி அவர் பக்கமே போகத் தொடங்கிவிடுவேன். பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தச் சுற்றலைத் தடுக்கத்தான் ஓஎஸ்பிஎஃப் கறாரான ஒரு விதியை வைத்திருக்கிறது. ஏரியா 0 என்பது முதுகெலும்பு. மற்ற ஏரியாக்களின் சேதிகள் அனைத்தும் ஏரியா 0க்குள் வந்து, அங்கிருந்துதான் பிற ஏரியாக்களுக்குப் போக வேண்டும். முதுகெலும்பில் கால் வைத்திருக்கும் ஓர் எல்லை ரூட்டர், ஏரியா 0 வழியாக வந்த மூன்றாம் வகை எல்எஸ்ஏவை மட்டுமே கணக்கில் எடுக்கும். வேறு ஏரியா வழியாக அதே வகைச் சேதி காதில் விழுந்தாலும் கேளாததுபோல் இருந்துவிடும், ஏரியா 0க்குள் அதைத் திருப்பி அனுப்பவும் செய்யாது. ஏற்காட்டிலிருந்து மேட்டூர் போக வேண்டியவர் சேலத்தில் இறங்கிப் பேருந்து மாறுவதைப் போன்றது இது என்று சொல்லலாம். ஆனால் பேருந்துப் பயணி விரும்பினால் வேறு வழியில் வாடகைக் கார் பிடித்துப் போகலாம். எல்லை ரூட்டருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

இப்போது நாகலூருக்குத் திரும்புவோம். ஐந்து ரோட்டின் 10.1.1.0, செவ்வாய்பேட்டையின் 10.1.2.0, சேலத்திலிருந்து ஏற்காடு போகும் இணைப்பு ஆகிய மூன்றும் ஏரியா 0. ஏற்காடு அலுவலகத்தின் 10.2.1.0 நெட்வொர்க்கும், ஏற்காட்டையும் நாகலூரையும் இணைக்கும் 10.2.9.0 என்ற இணைப்பும் ஏரியா 1. நாகலூர் அலுவலகத்தின் 10.3.1.0, எடை மேடையும் உலர்களமும் உள்ள 10.3.2.0 ஆகியவை ஏரியா 2. பார்க்க அழகாக 0, 1, 2 என்று மலையேறிப் போகிறது. ஆனால் ஏரியா 2 எங்கேயும் ஏரியா 0வைத் தொடவில்லை. நாகலூர் ரூட்டருக்கு ஏரியா 1இல் ஒரு கால், ஏரியா 2இல் ஒரு கால். முதுகெலும்பில் கால் இல்லை. அதனால் சிஸ்கோ ரூட்டராக இருந்தால் அது தன்னை எல்லை ரூட்டராகவே கருதிக்கொள்வதில்லை. ஏரியா 2இன் ரூட்களை யாருக்கும் அறிவிப்பதும் இல்லை. ஆர்எஃப்சி 2328இன் சொல்படி பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட ஏரியாக்களில் இருக்கும் எந்த ரூட்டரும் ஏபிஆர்தான். சிஸ்கோவின் நடைமுறை அதிலிருந்து சற்று வேறுபடுகிறது என்பதை 2003இல் வந்த ஆர்எஃப்சி 3509 பதிவு செய்திருக்கிறது. எந்த நடைமுறையானாலும் சேலத்துக்குக் கிடைக்கும் முடிவு ஒன்றே. நாகலூர் தன் ரூட்களை ஏரியா 1க்குள் அறிவித்தாலும், ஏற்காடு ரூட்டர் முதுகெலும்பில் கால் உள்ள ஏபிஆர் என்பதால், ஏரியா 1 வழியாக வந்த அந்தச் சேதியை ஏற்காது.

பிங்குக்கு மட்டும் பதில் வந்த மர்மமும் இப்போது விளங்கும். சிஸ்கோ நடைமுறையில் நாகலூர் ரூட்டர் ஏரியா 1இல் ஒரு சாதாரண உறுப்பினர். ஆகவே சேலத்து 10.1.1.0 பற்றி ஏற்காடு அறிவித்த மூன்றாம் வகை எல்எஸ்ஏ அதற்குக் கிடைத்திருக்கிறது. சேலத்துக்குப் போகும் வழி அதற்குத் தெரியும். ரூட்டரிலிருந்து நேரடியாகப் பிங் செய்யும்போது, பாக்கெட் வெளியேறும் இன்டர்ஃபேஸின் முகவரியே அனுப்புநர் முகவரியாகிறது, அது 10.2.9.2, ஏரியா 1ஐச் சேர்ந்தது. ஏரியா 1இன் ரூட்களைச் சேலம் நன்கறியும் என்பதால் பதில் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. எடை மேடைக் கணினியோ 10.3.2.0இல் இருக்கிறது. அதன் பாக்கெட்டும் மலையிறங்கிச் சர்வரைச் சென்று சேர்கிறது. சர்வர் பதிலும் எழுதுகிறது. அந்தப் பதிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் ஐந்து ரோட்டு ரூட்டர் அதைக் கீழே போட்டுவிடுகிறது. அதனால் ஏரியாக்களுக்கு இடையே சோதிக்கும்போது, அனுப்புநர் முகவரியாக எந்த நெட்வொர்க் பழுதோ அந்த நெட்வொர்க்கின் இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டுப் பிங் செய்ய வேண்டும். இந்த ஒரு பழக்கம் பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

எல்லை ரூட்டரா இல்லையா என்பதை உறுதி செய்ய, அந்த ரூட்டரில் ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் என்று கேட்டால் போதும். அது ஏரியா பார்டர் ரூட்டர் என்று சொல்லும் ஒரு வரி ஏற்காட்டில் தெரியும், நாகலூரில் தெரியாது. அந்த வரி இல்லாததுதான் இங்கே நோய்.

இதற்கு மூன்று மருந்துகள் உண்டு. நாகலூர் நெட்வொர்க்குகளையும் ஏரியா 1இலேயே சேர்த்துவிடுவது முதலாவது. நான்கு ரூட்டருக்கு இதுவே போதும், நானாக இருந்தால் வேறெதையும் யோசிக்க மாட்டேன். ஏற்காடு நாகலூர் இணைப்பை ஏரியா 0ஆக மாற்றி, முதுகெலும்பை நாகலூர் வரை நீட்டுவது இரண்டாவது. நாளை நாகலூருக்கு அப்பால் இன்னும் பல ரூட்டர்கள் வரப்போகின்றன என்றால் இது நல்லது. மூன்றாவது வர்ச்சுவல் லிங்க். ஏற்காடு ரூட்டருக்கும் நாகலூர் ரூட்டருக்கும் இடையே ஏரியா 1க்குள்ளாக ஏரியா 0இன் ஒரு கற்பனைக் கிளையை ஓடவிடுவது. சாயும் வாழைக்கு முட்டுக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. முட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

வர்ச்சுவல் லிங்கில் பிழை நேரும் இடங்கள் சில உண்டு. எதிர்முனையைக் குறிப்பிடும்போது இன்டர்ஃபேஸ் முகவரியைக் கொடுக்கக் கூடாது, எதிர் ரூட்டரின் ரூட்டர் ஐடியை, அதாவது ஓஎஸ்பிஎஃப்பில் அது தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் எண்ணை, கொடுக்க வேண்டும். ஏரியா 1 ஸ்டப் ஏரியாவாக, அதாவது வெளி ரூட்களை உள்ளே விடாத ஏரியாவாக, இருக்கக் கூடாது. ஏரியா 0இல் கடவுச்சொல் பாதுகாப்பு போட்டிருந்தால், வர்ச்சுவல் லிங்கும் ஏரியா 0இன் பகுதியே என்பதால் நாகலூரிலும் அதைப் போட வேண்டும். இந்த ரூட்டர் ஐடி விஷயத்தில் நானே ஒருமுறை நன்றாகச் சிக்கியிருக்கிறேன். மலைமேல் ஒரு தோட்டத்தில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய வர்ச்சுவல் லிங்க், ஒரு மழை இரவில் மின்சாரம் போய் வந்தபின் எழுந்திருக்கவே இல்லை. அன்று யாரும் எதையும் மாற்றவில்லை என்று எல்லாரும் உறுதியாகச் சொன்னார்கள், அது உண்மையும்கூட. மூன்று வாரத்துக்கு முன் கண்காணிப்புக் கேமராவுக்காக அந்த ரூட்டரில் 172.16 என்று தொடங்கும் முகவரியோடு ஒரு புது இன்டர்ஃபேஸ் சேர்த்திருந்தார்கள். ரூட்டர் ஐடியைக் கையால் எழுதிவைக்காவிட்டால், சிஸ்கோ ரூட்டர் முதலில் லூப்பேக் எனும் கற்பனை இன்டர்ஃபேஸ்களின் முகவரிகளில் பெரியதை எடுத்துக்கொள்ளும். லூப்பேக் இல்லையென்றால் இயங்கும் இன்டர்ஃபேஸ்களில் பெரிய முகவரியை எடுத்துக்கொள்ளும். அதுவும் ஓஎஸ்பிஎஃப் தொடங்கும் நேரத்தில் மட்டும். மூன்று வாரமாக 10 என்று தொடங்கும் பழைய ஐடியோடு ஓடிக்கொண்டிருந்த ரூட்டர், மறுபடி எழுந்தபோது 172.16ஐத் தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. எதிர்முனையோ பழைய பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து ரூட்டர் ஐடியைக் கையால் எழுதாமல் எந்த ரூட்டரையும் நான் மலையேற்றுவதில்லை.

ரூட் பிறக்கும் இடத்திலிருந்து தேடுவது

காணாமற்போன ரூட்டுக்கு எப்போதும் முதுகெலும்பு விதிதான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. ரூட் காணாத இடத்தில் உட்கார்ந்து தேடாமல், அந்த நெட்வொர்க் பிறக்கும் ரூட்டரிலிருந்து தொடங்கி, சேதி போகும் திசையிலேயே ஒவ்வொரு ரூட்டராக நடந்து, எந்த இடம்வரை தெரிகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று பார்ப்பதே சுருக்கமான வழி.

பிறக்கும் இடத்திலேயே பிழை இருக்கலாம். நாகலூர் ரூட்டரில் நெட்வொர்க் 10.3.0.0 0.0.1.255 ஏரியா 2 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். இந்த வைல்ட்கார்டு மாஸ்க் 10.3.0.0 முதல் 10.3.1.255 வரை மட்டுமே பிடிக்கும். அலுவலகத்தின் 10.3.1.0 உள்ளே வந்துவிடும். எடை மேடையின் 10.3.2.0 வெளியே நின்றுவிடும். ஒரு நெட்வொர்க் தெரிந்து, பக்கத்து நெட்வொர்க் தெரியாமல் போகிறது என்றால் முதலில் இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும். இன்டர்ஃபேஸ் அணைந்திருந்தாலும் அதன் நெட்வொர்க் அறிவிக்கப்படாது. பாசிவ் இன்டர்ஃபேஸ் என்று போட்டிருப்பதைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். அது அந்தப் பக்கம் அண்டை ரூட்டர்களைத் தேடும் ஹலோ சேதியை அனுப்புவதைத்தான் நிறுத்துகிறது, நெட்வொர்க்கை அறிவிப்பதை நிறுத்துவதில்லை.

அடுத்தது அண்டை உறவு. ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர் என்று கேட்டால் இணைப்பின் இருபுறமும் ஃபுல் என்று, அதாவது டேட்டாபேஸைப் பரிமாறி முடித்ததாக, தெரிய வேண்டும். அண்டை ரூட்டரே தெரியவில்லை என்றால் ஏரியா எண், சப்நெட் மாஸ்க், ஸ்டப் வகை, ஹலோ நேரம் ஆகியவற்றில் ஒன்று இருபுறமும் பொருந்தவில்லை என்று பெரும்பாலும் பொருள்; ஈதர்நெட் இணைப்பில் ஹலோ 10 நொடிக்கு ஒருமுறை போகும், 40 நொடி ஹலோ வராவிட்டால் உறவு முறியும் என்பதே இயல்பான அமைப்பு. டேட்டாபேஸ் பரிமாற்றம் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையிலேயே மாட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் இருபுறமும் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, வேறுபட்டிருக்கும். ஒரே சுவிட்சில் நான்கைந்து ரூட்டர்கள் இருந்தால் சில ஜோடிகள் ஹலோ மட்டும் பரிமாறிக்கொண்ட டூவே நிலையோடு நின்றுவிடுவது இயல்பே. அதைப் பழுதாக எண்ணிச் சரிசெய்யக் கிளம்பினால் பொழுது வீணாகும்.

உறவும் சரியாக இருந்தால், எல்லை ரூட்டருக்கு வர வேண்டும். நாகலூர் நெட்வொர்க்குகளை ஏரியா 1இல் சேர்த்தபின் ஏற்காட்டில் பார்ப்பதாகக் கொள்வோம். அங்கே ஏரியா 1இன் டேட்டாபேஸில் நாகலூரின் முதல் வகை எல்எஸ்ஏ (ரூட்டர் தன் இணைப்புகளைத் தானே சொல்லும் அறிவிப்பு) இருக்கிறதா, ஏரியா 0இன் டேட்டாபேஸில் 10.3.2.0க்கு மூன்றாம் வகை எல்எஸ்ஏ இருக்கிறதா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால், ஏற்காட்டிலேயே யாரோ தடுத்திருக்கிறார்கள்: ஏரியா ஃபில்டர் பட்டியல் ஒன்று இருக்கலாம், அல்லது ஏரியா ரேஞ்ச் கட்டளையில் அறிவிக்காதே என்ற சொல் சேர்ந்திருக்கலாம். சாதாரண ஏரியா ரேஞ்ச் மட்டும் இருந்தால், தனித்தனி ரூட்கள் மறைந்து 10.3.0.0/16 என்று ஒரே சுருக்க ரூட் சேலத்துக்குப் போயிருக்கும். 10.3.2.0ஐத் தேடிக் காணாமல் பதறுபவர், அதை உள்ளடக்கிய பெரிய ரூட் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதறலாம்.

இதே போல, பழுதே இல்லாத இன்னொரு நிலையும் உண்டு. ஆத்தூரில் ஒரு சிறு கிளை திறந்து, அதை டோட்டலி ஸ்டப் ஏரியாவாக வைத்தால், அங்குள்ள ரூட்டருக்கு மற்ற ஏரியாக்களின் ரூட் ஒன்றுகூட வராது. எல்லை ரூட்டர் கொடுக்கும் 0.0.0.0 என்ற ஒரே ரூட்தான் வரும். அதற்காகத்தான் அந்த வகையே இருக்கிறது. வெறும் ஸ்டப் என்றால் ஏரியாக்களுக்கு இடையிலான ரூட்கள் வரும், வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த ரூட்கள் மட்டும் வராது.

முதுகெலும்பு முறிந்தால்

விதியின் கறார்த்தன்மை கண்கூடாகத் தெரியும் வேறோர் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து ரோட்டுக்கும் செவ்வாய்பேட்டைக்கும் இடையே ஒரே ஒரு கேபிள், அதுதான் ஏரியா 0. இரண்டு இடங்களிலிருந்தும் ஏற்காட்டுக்குத் தனித்தனி இணைப்பு: ஒன்று அடிவாரம் வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு சேர்ந்து ஏறுகிறது, மற்றொன்று குப்பனூர்ச் சாலையை ஒட்டி ஏறுகிறது, இரண்டும் ஏரியா 1. ஊருக்குள் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டும்போது கேபிள் அறுந்துவிட்டது. ஐந்து ரோட்டிலிருந்து மலையேறி, மறுபக்கம் இறங்கிச் செவ்வாய்பேட்டைக்குப் போகக் கம்பி இருக்கிறது. ஆனாலும் ஆர்எஃப்சி 2328ஐ அப்படியே பின்பற்றும் ரூட்டர்களானால், கிடங்கும் கணக்கு சர்வரும் பேசிக்கொள்ள முடிவதில்லை. ஏற்காட்டில் நின்று பார்த்தால் இரண்டு நெட்வொர்க்கும் தெளிவாகத் தெரியும். கீழே இருக்கும் இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஐந்து ரோடு ஏரியா 1க்குள் அறிவித்த 10.1.1.0இன் மூன்றாம் வகை எல்எஸ்ஏ செவ்வாய்பேட்டை ரூட்டரின் டேட்டாபேஸில் இருக்கவே செய்கிறது. ஆனால் தன் நெட்வொர்க் ஏரியா 0இல் உயிரோடு இருப்பதால் அதுவும் ஓர் ஏபிஆர், எனவே ஏரியா 1 வழியாக வந்த அந்தச் சேதியை அது ரூட்டாக மாற்றாது. (சிஸ்கோ நடைமுறை இங்கேயும் வேறுபடும்: ஏரியா 0இல் அண்டை ரூட்டர் ஒன்றும் மிஞ்சாதபோது அது ஏரியா 1 வழியாக வந்த சேதியையும் ஏற்கும்.) ஏரியா 0க்கு இரண்டாவது கேபிள் போடுவதே இதற்கு முறையான தீர்வு. அது முடியும்வரை இருவருக்கும் இடையே ஏரியா 1க்குள் ஒரு வர்ச்சுவல் லிங்க் ஓட்டலாம்.

டேட்டாபேஸில் இருந்தும் ரூட்டிங் டேபிளில் இல்லாத நிலைக்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. டிஸ்ட்ரிபியூட் லிஸ்ட் ஒன்று அந்த ரூட்டரில் மட்டும் ரூட்டை மறைத்திருக்கலாம். அதைவிட அடிக்கடி நான் கண்டது, அவசரத்துக்குக் கையால் எழுதிப் போட்ட ஸ்டேட்டிக் ரூட். ஓஎஸ்பிஎஃப்புக்கு சிஸ்கோ தரும் நம்பகத் தூரம் 110, ஸ்டேட்டிக் ரூட்டுக்கு 1. எண் குறைந்ததே வெல்லும். நள்ளிரவில் யாரோ ஐந்து ரோட்டில் 10.3.2.0க்கு ஒரு ஸ்டேட்டிக் ரூட் எழுதி வேலையை ஓட்டியிருப்பார்கள். பிறகு ஏரியாக்களைச் சரிசெய்தபின்னும் அந்த ரூட்டுக்கு முன்னால் ஓ ஐஏ என்பதற்குப் பதில் எஸ் என்ற எழுத்தே நிற்கும், சரிசெய்தது பலித்ததா இல்லையா என்றே தெரியாது. ஆகவே திருத்தம் முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிட்டு, ஐந்து ரோட்டின் ரூட்டிங் டேபிளில் 10.3.2.0 ஓஎஸ்பிஎஃப் வழியாகவே வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, எடை மேடையில் இருப்பவரை அழைத்துக் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.